அம்மை குத்திய வாரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது மலாயாவில் ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால் எடுக்க மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். நான் கப்பலேறி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் மகள் பிறந்துவிட்டாள்.

வேலையாட்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்தில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் இருந்த அக்காவுக்கும் அதே மாதத்தில் ஒரு பையன் பிறந்திருந்தான். எனக்கு அம்மா, மாமியார் என்று அங்கே யாரும் கிடையாது. தலை நிற்காத பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது, வயிறு உப்பினால் என்ன கொடுப்பது, எல்லாவற்றுக்கும் சுவரைத் தட்டி அந்த அக்காவைத்தான் கேட்பேன். "இரு, வாரேன்" என்று கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவாள்.

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன்பு இரண்டு குழந்தைகளையும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடுவோம். அங்கே ஒரு வயதான ஆயா எல்லாப் பிள்ளைகளையும் தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்வாள். வேலைக்கு நடுவில் பால் கொடுக்க எங்கள் இருவரில் யார் வர முடிகிறதோ அவள் இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போவாள். நான் மரம் வெட்டுகிற இடம் தூரம். அதனால் பெரும்பாலும் அக்காதான் வருவாள். என் மகளுக்கு அவள் மடிதான் பழகிய மடி.

குழந்தைகள் கவிழ்ந்து படுத்து நீந்தப் பழகிய சமயத்தில் டிரஸ்ஸர் ஐயா அம்மை குத்த வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவர் அவர், யாழ்ப்பாணத்துக்காரர். ஆயாக்கொட்டகை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார்.

"காய்ச்சல் ஏதும் இருக்கோ?" என்று கேட்டு, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கையில் கீறி மருந்தைத் தடவினார்.

அக்காவிடமும் கேட்டார். "இல்லீங்க ஐயா" என்றாள். பையனின் நெற்றி குளிர்ந்துதான் இருந்தது. என் மகள் லயமே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். அவன் உதட்டைப் பிதுக்கியதோடு சரி. "கெட்டிக்காரன்" என்று டிரஸ்ஸர் ஐயா அவன் கன்னத்தைத் தட்டினார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் பையனுக்குக் குளிர்காய்ச்சல் அடித்தது. இருந்த துணியையெல்லாம் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போலாம் அக்கா" என்று எவ்வளவோ சொன்னேன். அவளுடைய தலைப்பிள்ளையைக் காய்ச்சல் என்று அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போனார்கள், துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். "அங்க வேணாம் தங்கச்சி, எம்புள்ள திரும்பி வராது" என்று அழுதாள். கடைசியில் அவள் புருஷன் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அதற்குள் ஜன்னி கண்டுவிட்டது. விட்டு விட்டு வருகிற மலைக்காய்ச்சல் என்று டிரஸ்ஸர் ஐயா சொன்னார். அந்தி சாய்வதற்குள் ரப்பர் காட்டு ஓரத்தில் பையனைப் புதைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

டிரஸ்ஸர் சொன்னதை லயத்தில் யாரும் நம்பவில்லை. நல்லா இருந்த பிள்ளை, குத்திய மறுநாளே விழுந்தது, குத்தினதுதான் எடுத்துக்கொண்டது என்று வீட்டுக்கு வீடு பேச்சு. கத்தியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அக்காவின் புருஷனை நாலு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். அக்கா மட்டும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. பால் வற்றட்டும் என்று கோயில் மல்லிகையைப் பறித்து வந்து மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினோம். என் மகள் இந்தப் பக்கம் பசியில் அழுதால் போதும், சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்குத் துணி நனைந்துபோகும். அது தெரிந்த பிறகு மகள் சிணுங்கினாலே தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாயடிவரை போய்விடுவேன்.

குத்தினது எழும்பியிருக்கிறதா என்று பார்க்க அடுத்த வாரம் டிரஸ்ஸர் ஐயா மறுபடி வந்து, இந்தத் தடவை எங்கள் லயத்து வாசலிலேயே மேசை போட்டார். மற்றக் குழந்தைகளின் கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. என் மகளுக்குக் கீறிய இடம் காய்ந்தே போயிருந்தது.

"இது எழும்பேல்லை. திரும்பவும் குத்த வேணும்" என்றார். லகாட்டில் ஈயம் தோண்டுகிற லம்பத்துக் கொட்டகைகளில் பெரியம்மை கண்டிருக்கிறது, இங்கே வர எத்தனை நேரமாகும் என்றும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் குறுக்கே வந்து நின்றார். "வேணாங்க ஐயா. ஒரு புள்ள போனது போதும்."

நானும் மகளின் கையை முந்தானையால் மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். போன வாரம் குத்தாமல் விட்டிருந்த இன்னும் சில பெண்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கலைய ஆரம்பித்தார்கள். டிரஸ்ஸர் ஐயா பேசிப் பார்த்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்தார்.

அப்போது அக்கா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். பிள்ளை போன பிறகு அவள் வாசலைத் தாண்டியதே இல்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, கீழே பார்த்தபடியே பேசினாள்.

"எம்புள்ளைக்குக் குத்துறதுக்கு மொத நாளே காய்ச்சல் வந்துச்சு. காலையில விட்டுருச்சு. ஐயா கேட்டப்ப இல்லேன்னு சொல்லிட்டேன். சொன்னா ஆஸ்பத்திரில வச்சுக்குவாங்கன்னு பயம். குத்தினதால சாகல."

அவள் புருஷன் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஏண்டி இத்தன நாள் சொல்லல?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் என்னிடம் திரும்பி இரண்டு கையையும் நீட்டினாள்.

"புள்ளைய இங்க குடு தங்கச்சி."

என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. கொடுத்துவிட்டேன். அவள் என் மகளை மடியில் வைத்துக் கையைப் பிடித்துக்கொள்ள, டிரஸ்ஸர் ஐயா கீறினார். மகள் வீறிட்டுக் கத்தி, பழகிய மடியாயிற்றே, முகத்தை அவள் மார்பில் புதைத்துத் தேட ஆரம்பித்துவிட்டாள். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தலையசைத்தேன். கட்டியிருந்த துணியைத் தளர்த்தினாள். வாடிக் கறுத்த மல்லிகை தரையில் உதிர்ந்தது. என் மகள் குடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். அக்காவின் கண்ணீர் அவள் தலைமேல் விழுந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்த பிறகு கலைந்துபோன பெண்களில் சிலர் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள்.

அந்தத் தடவை நன்றாக எழும்பியது. கொஞ்ச நாள் மேல் சூடு, பிறகு பொருக்கு உதிர்ந்தது. பெரியம்மையும் சொன்னபடியே எங்கள் தோட்டத்துக்கு வந்தது. கடைசிவரை குத்த விடாத ஒரு வீட்டில் குழந்தை செத்தது. என் மகளை அது தொடவில்லை.

ஆனால் அக்காவை லயம் விடவில்லை. டிரஸ்ஸரை ஏசின அதே வாய்கள் இப்போது அவளை ஏசின. பெற்றவளே காய்ச்சலை மறைத்துப் பிள்ளையைக் கொன்றாள் என்று குழாயடியில் அவள் காதுபடப் பேசினார்கள். புருஷன் அவள் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பலகைச் சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்கும். பேச்சுச் சத்தம்தான் கேட்காது.

ஒரு நாள் விறகு பொறுக்கப் போன இடத்தில் அவளிடம் கேட்டேன். "யாரும் கேக்கலையே அக்கா. நீங்களா ஏன் சொன்னீங்க?"

அவள் சுள்ளிகளைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "எல்லாரும் டிரஸ்ஸர வையுறப்ப எனக்குக் கொஞ்சம் ஆறுதலாத்தான் இருந்துச்சு. நான் இல்ல, அவருதான்னு நானே பாதி நம்பிட்டேன். நீ புள்ள கையை மூடிக்கிட்டுப் பின்னால போனியே, அதப் பாத்ததும் முடியல தங்கச்சி."

அதற்குப் பிறகு சீக்கிரமே அவர்கள் சிலிம் ரிவர் பக்கம் வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்துபோனார்கள். மாட்டுவண்டியில் சாமான் ஏறிவிட்டது. நான் மகளைத் தூக்கிப் போய் அவளிடம் நீட்டினேன். வாங்கினால் விட மனசு வராது என்று நினைத்தாளோ என்னவோ, பாதத்தை மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். பிறகு அந்தப் பக்கத்து ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் விசாரித்தேன். புருஷன் மட்டும் ஊருக்குக் கப்பலேறிவிட்டதாக ஒருவர் சொன்னார். அக்கா எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

என் மகள் இன்று ஈப்போ சிலிபினில் தன் குடும்பத்தோடு நன்றாக இருக்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு யார்மேலாவது பழியைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் மூச்சு விட ஓர் இடம் வேண்டும். அக்காவுக்குக் கிடைத்திருந்த அந்த ஒரே இடத்தையும் அவள் என் மகளுக்காக விட்டுக்கொடுத்துவிட்டாள் என்பதை நினைக்கும்போதெல்லாம், ஊரே அவளை ஏசிய நாட்களில் அவள் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாமே என்று இந்த வயதிலும் மனசு அடித்துக்கொள்கிறது.