கோட்டுப் பையில் ஒரு கடிதம்

"ஷெஹாத்தா, வயது ஐம்பத்தொன்பது, இஸ்திரிக்காரர். பித்தநாளத்தில் புற்றுக்கட்டி. உறவினர் வேண்டியபடி நோயாளியிடம் சொல்லவில்லை. அவர் ஏதும் அறியாதவர்." அறுவைக்கு அரசு உதவி கேட்டு மருத்துவர் எழுதிய கடிதம் இப்படிப் போகிறது.

எகிப்தின் ஸகாஸீக் நகரில், தன் கடை இருந்த தெருவைப் பற்றி ஷெஹாத்தா அறிந்த அளவு உளவுத்துறைகூட அறியாது. எந்தத் துணி வந்தாலும் முதலில் பைக்குள் கைவிடுவார். பிறகுதான் தண்ணீர் தெளிப்பார். பல்குச்சி, பஸ் டிக்கெட், காதல் கடிதம். எழுத்தாக இருந்தால் படித்துவிட்டு அதே மடிப்பில் திரும்ப வைப்பார். "நான் எதையும் பாக்கல இன்ஜினியர் சார். ஆனா அந்தப் பொண்ணு கையெழுத்து அம்சமா இருக்கு," என்பார் துணியைக் கொடுக்கும்போது.

போன மாரியில் அவர் கண் மஞ்சளானது. நமைச்சல் தாங்காமல் மேசை விளிம்பில் முதுகைத் தேய்த்துக்கொண்டே வேலை பார்த்தார். "மாம்பழத்தை வாயாலதானே தின்னீங்க மாஸ்டர்?" என்று அவர் கண்ணைப் பார்த்துக் காபிக் கடைக்காரர் கேட்டார். மகன் ஹிலால், மருத்துவர் தந்த அந்தக் கடிதத்தை வீட்டில் வைக்கப் பயந்து தன் கோட்டுப் பையில் ஒளித்தான். வியாழக்கிழமை, வழக்கம்போல, ஷெஹாத்தாவின் மனைவி நவால் அந்தக் கோட்டை அவரிடமே இஸ்திரிக்கு அனுப்பினாள்.

படித்தார். மடித்து வைத்தார். காலரை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் தேய்த்தார்.

அதன்பின் ஒன்பது வாரம் வீடே நாடகக் கொட்டகை. "வெறும் கல்லுப்பா," என்பான் ஹிலால். "பின்ன வேறென்ன?" என்பார் இவர். நவால் தினமும் வெங்காயம் நறுக்கிக் கண்ணைத் துடைத்தாள். குழம்பில் வெங்காயமே இருக்காது.

"ஏண்டி, அவ்வளவு வெங்காயமும் எங்க போகுது?"

"சும்மா இருங்க, ஹிலாலோட அப்பா."

ஏன் கேட்டோம் என்றிருந்தது அவருக்கு. சாகப்போவதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம்; தெரியாதவர்போல் இருப்பதுதான் பெரிய அலுப்பு.

கடைசியில் அறுவை நடந்தது; கட்டியோடு நாளத்தை வெட்டியெடுத்து, மிச்சத்தைக் குடலோடு தைத்தார்கள். பத்தாம் நாள் ஹிலால் வார்டுக்கு வந்தான், முகமெல்லாம் சிரிப்பு. புற்று என்றே சொல்லாதவரிடம் புற்று இல்லை என்று எப்படிச் சொல்வது?

"நல்ல கல்லுதானாம்ப்பா."

"கல்லுல என்னடா நல்ல கல்லு? கோட்டைக் கழட்டு. கசங்கிக் கிடக்கு, பாக்கச் சகிக்கல."

கழற்றிக் கொடுத்துவிட்டு மகன் டீ வாங்கப் போனான். அவர் கை தானாகப் பைக்குள் போயிற்று. வெட்டியெடுத்த கட்டியைச் சோதித்த ஆங்கில அறிக்கையின் அடியில் மருத்துவர் அரபியில் எழுதியிருந்தார்: "புற்று அல்ல. அபூர்வமாக வரும் சாதுவான கட்டி. ஸ்கேனில் புற்றைப் போலவே தெரியும். முழுதும் எடுத்தாயிற்று."

ஷெஹாத்தா இரண்டு முறை படித்தார். அதே மடிப்பில் திரும்ப வைத்தார். கோட்டைப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி, மறுநாள் மதியம்வரை தூங்கினார்.