மிஷின்மேல் உட்காரும் மாமனார்

எங்கள் வீட்டில் துணி துவைக்கும் மிஷின் நடக்கும். துவைக்கும்போது பரம சாது. பிழிய ஆரம்பித்தால் போதும், உடம்பெல்லாம் குலுங்க, பால்கனிச் சுவரை விட்டு நகர்ந்து அறை வாசல்வரை வந்துவிடும். அதை அடக்குவதற்கென்றே எங்கள் வீட்டில் ஓர் ஆள் இருந்தார். என் மாமனார்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கனத்த சரீரம். மிஷின் பிழியத் தொடங்கும் நேரம் பார்த்து ஸ்டூலில் கால் வைத்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். கையில் பேப்பர் இருக்கும். பக்கத்து அறையில் நான் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருப்பேன். அதுதான் என் தொழில். எனக்குக் கேட்கட்டும் என்று பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். மிஷின் குலுங்கக் குலுங்க அவர் குரலும் குலுங்கும். மார்தட்டிப் பேசிய மந்திரிகள்கூட எங்கள் பால்கனியில் நடுங்கிக்கொண்டுதான் பேசுவார்கள். சிரித்துச் சிரித்து நான் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்ததும் உண்டு.

மாமியார் போன பிறகு அவர் எந்த வீட்டிலும் நிலையாகத் தங்கியதில்லை. எங்கே பழுதோ அங்கே அவர். பெரிய மகள் வீட்டில் கதவு சரியாக மூடவில்லை என்றால் அங்கே போவார். கதவு மூடியதும் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பிள்ளை வீடு. இருங்கள் என்று யாராவது சொன்னால், "சும்மா உட்கார்ந்து சாப்பிட்டா உடம்புல ஒட்டாது" என்பார். எங்கள் வீட்டுக்குச் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றுதான் வந்தார். ஒழுகல் நின்றது, மிஷின் நடக்கத் தொடங்கியது, அதனால் இருந்தார். ஆனால் ஒரு சட்டையைக்கூட அலமாரியில் வைக்கமாட்டார். எல்லாம் கட்டிலுக்கு அடியில், பைக்குள். வீடு பெருக்கும்போதெல்லாம் அந்தப் பை துடைப்பத்தில் இடிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவர் நல்ல மனிதர்தான். ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். பகலெல்லாம் தையல் மிஷினோடு பேசிக்கொண்டிருந்த எனக்கு, பதில் பேசும் மனுஷர் ஒருவர் கிடைத்திருந்தார். அவர் போய்விடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஊர்ப்பட்ட வம்பெல்லாம் பேசுகிற என் வாய்க்கு அதை மட்டும் சொல்ல வரவில்லை.

ஒருநாள் கீழ்வீட்டு டீச்சர் மேலே வந்தார். கூரை அதிர்கிறதாம், விளக்கு ஊஞ்சலாடுகிறதாம். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் விடுவதாக இல்லை. அவர் போனதும் மாமனார் மிஷின் கதவைத் திறந்து, உள்ளே டிரம்மைக் கையால் அழுத்தி விட்டார். ஒருதரம் எழும்பி நின்றிருக்க வேண்டியது, மெத்தையில் குதிக்கிற குழந்தைபோல எழும்பிக்கொண்டே இருந்தது.

"ஷாக் அப்சார்பர் தேஞ்சுபோச்சும்மா. ரெண்டையும் மாத்தணும்."

"இத்தனை நாளா தெரியலையா மாமா?"

பேப்பரை நாலாக மடித்தார். "தெரியும்" என்றார்.



மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றார் என் கணவர். மாமனார் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். வந்ததும் பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை மூடி, குழாய்களைக் கழற்றினார். பழைய போர்வையை விரித்து மூன்று பேருமாக மிஷினைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். டிரம்முக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே சைக்கிள் பம்பு மாதிரி இரண்டு இருந்தன. நான் டார்ச் பிடித்தேன். ஒவ்வொன்றையும் மேலேயும் கீழேயும் ஒரு பிளாஸ்டிக் பின் பிடித்திருந்தது. குறடால் அதன் காதை அமுக்கி இழுத்தால் கையோடு வந்துவிடும். பழையதை என்னிடம் நீட்டி இழுத்துப் பார்க்கச் சொன்னார். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. புதியதை இழுக்க எனக்கு இரண்டு கையும் போதவில்லை.

நிமிர்த்தி ஓடவிட்டோம். பிழியும் நேரம் வந்தது. மிஷின் நின்ற இடத்தில் நின்றது. மாமனார் ஸ்டூலைக் கையில் பிடித்தபடி கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தார்.

அன்று சாப்பிடும்போது, சின்ன மகள் வீட்டில் ஜன்னல் கொக்கி ஆடுகிறதாம், ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன் என்றார்.

"ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது. அப்பாவை யாரு பிடிச்சு வைக்க முடியும்?" என்றார் என் கணவர், பாத்திரம் கழுவும்போது.

"அவரை நான் பிடிச்சுக்கறேன். நீங்க மிஷினைப் பிடிங்க" என்றேன்.

சனிக்கிழமை மாமனார் முடி வெட்டிக்கொள்ளப் போனார். சொந்த வீட்டிலேயே திருடர்கள் மாதிரி நாங்கள் இருவரும் மிஷினைச் சாய்த்தோம். டார்ச் பிடித்துக் கற்றுக்கொண்ட வித்தை கைகொடுத்தது. ஒரு பக்கத்து ஷாக் அப்சார்பரைக் கழற்றி என் நூல்கண்டு டப்பாவில் ஒளித்து வைத்தேன்.

ஞாயிறு காலை அவர் பையோடு வாசலுக்கு வந்தார். போவதற்குள் உங்கள் போர்வையைத் துவைத்துத் தந்துவிடுகிறேன் என்று ஏற்கெனவே மிஷினைப் போட்டிருந்தேன். பிழியும் கட்டம் வந்ததும் அது என்னைக் கைவிடவில்லை. தடதடவென்று பால்கனியை விட்டுக் கிளம்பி வந்தது.

மாமனார் பையைக் கீழே வைத்தார். ஏறி உட்காரவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து டிரம்மை அசைத்துப் பார்த்தார்.

"இடதுபக்கம் ஒண்ணு இல்ல" என்றார். "கெட்டுப்போகல. இல்லவே இல்ல."

என்னைப் பார்த்தார். என் கணவருக்கு அந்த நிமிஷம் தெருவில் ஏதோ அவசரமாகப் பார்க்க வேண்டியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னால் ஆகவில்லை. டப்பாவைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்து நீட்டினேன்.

"நான்தான் கழட்டினேன். நீங்க போகக் கூடாது மாமா. மிஷின் ஆடினாத்தான் இருப்பீங்கன்னா, ஆடிட்டே இருக்கட்டும். டீச்சர்கிட்ட நான் பேசிக்கறேன்." மிஷின் நின்றுவிட்டது, என் குரல்தான் குலுங்கியது.

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பின் எங்கம்மா?"

"கழட்டும்போது உடைஞ்சிடுச்சு."

"காதை அமுக்காம இழுத்திருப்பே." சிரிப்பை அடக்கியதில் அவர் தோள் ஆடியது. "கடை இன்னிக்கு லீவு. நாளைக்குத்தான் திறப்பான்."

பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பிறகு அறையிலிருந்து கூப்பிட்டு, அலமாரியில் தனக்கு ஒரு தட்டு ஒழித்துத் தரச் சொன்னார். என் புடவைகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் பின் வந்தது. மிஷின் மறுபடியும் அசையாமல் நின்று பிழிந்தது. சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மாமனார் மிஷின்மேல் ஏறி உட்கார்ந்து பேப்பரை விரிக்கிறார்.

"அதான் ஆடலையே மாமா. எதுக்கு ஏறினீங்க?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"சும்மாதாம்மா" என்றார்.