கினுயோ விழும் இடத்தில் சோற்று உருண்டை

பள்ளிக்கூடத்தில் நான் இருந்த காலம் குறைவு. போர் முடிந்தபோது ஒசாகாவில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, எங்கள் வீட்டுக்கும் இல்லை. இரும்புக் கழிவு பொறுக்கினேன். பிறகு ரேடியோ பழுது பார்த்தேன். பிறகு மிட்டாய்க் கடை வாசலில் வைத்திருக்கும் விளையாட்டு இயந்திரங்களைப் பழுது பார்த்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஐம்பது வயதில், ஒரு திருகாணிப் பட்டறையின் மாடியை வாடகைக்குப் பிடித்து, பட்டம் படித்த பையன்களை வேலைக்கு வைத்து, வீடியோ கேம் கேசட் போடும் கம்பெனி நடத்தினேன். டோக்கியோவிலிருந்து கார் வந்து என்னை அழைத்துப்போகும். எங்கள் பேட்டையில் வேறு யாருக்கும் அப்படிக் கார் வந்ததில்லை.

வணிகர் சங்க மலருக்கு எழுதச் சொன்னபோது இதையெல்லாம்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். எழுதினால் மலர் போதாது. அதனால் எங்கள் கம்பெனியில் கணக்கு எழுதிய கினுயோவைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் விளையாட்டுகள் எல்லாம் ஓடித் தாவுகிற விளையாட்டுகள். ஒருவன் கூரை கூரையாகத் தாவிப் போவான், அடிபட அடிபடத் திரையின் மேலே காட்டும் லைஃப், அதாவது உயிர், குறையும், தீர்ந்தால் விழுவான். வழியில் ஒரு சோற்று உருண்டை கிடைத்தால், தின்றதும் லைஃப் ஏறும். இந்த உருண்டையை எங்கே வைப்பது என்பதில்தான் கேசட் விற்பதும் விற்காததும் இருக்கிறது. அதிகம் வைத்தால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். குறைவாக வைத்தால் கன்ட்ரோலரைத் தூக்கி எறிவார்கள்.

முதல் கேசட்டை என் பையன்கள் கெடுத்தார்கள். காலை முதல் சாயங்காலம் வரை தாங்கள் செய்ததைத் தாங்களே ஆடிப் பார்த்து, கை பழகி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தாவினார்கள். 'இந்த உருண்டை யாருக்கு?' என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். கேசட் கடைக்குப் போனது. ஊர்ப் பிள்ளைகளில் ஒருவன்கூட இரண்டாம் கட்டத்தைத் தாண்டவில்லை. கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டும் செய்கிற தப்பு இது. மளிகைக்காரன் தன் அரிசியை எவ்வளவு தின்றாலும் அரிசி கடினமாவதில்லை.

அன்று ஒரு சட்டம் போட்டேன். கை வராத ஒருவரை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அவர் விழும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் உருண்டை. அவருக்குக் கை வந்துவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். பட்டம் படித்த யாருக்கும் இது தோன்றவில்லை. முதலில் எதிர்ச்சாரியில் நூடுல்ஸ் கடை வைத்திருந்தவரை உட்கார வைத்தோம். நன்றாக விழுந்தார். ஒருநாள் கடைசி ராட்சசன் வரைக்கும் போய்விட்டார். பையன்கள் கைதட்டி, "பாஸாயிட்டீங்க அண்ணே, கெளம்புங்க" என்று வழியனுப்பினார்கள். மனுஷர் படியிறங்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். தேநீர்த் தட்டோடு கினுயோ வாசலில் நின்று இதைப் பார்த்தாள்.

அப்போது அவள் புருஷன் ஷிகேயோஷி இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தகடு அழுத்தும் பிரஸ் பட்டறையில் வேலை, மாரடைப்பு. பிள்ளை குட்டி கிடையாது. சாவுக்கு வந்த மலர் வளையங்களில் என்னுடையதுதான் பெரியது. மறுநாள் அவள் வழக்கம்போல வந்து தேநீர் போட்டாள். லீவு எடு என்றேன். "எடுத்து என்ன பண்றது மொதலாளி" என்றாள். அழுது யாரும் பார்க்கவில்லை, சிரித்தும் பார்க்கவில்லை. பேசினால் பதில் வரும். அந்தப் பதில் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருக்கும்.

நூடுல்ஸ்காரர் போன பிறகு கினுயோவை நாற்காலியில் உட்கார வைத்தது நான்தான். அவளைப் போல விழுகிறவரை நான் கண்டதில்லை. முதல் திரையிலேயே, நடந்து வருகிற நத்தையிடம் அடிபட்டு விழுந்தாள். பையன்கள் வாய்விட்டுக் கத்தினார்கள்.

"அக்கா, அது நத்தை. அதுகிட்ட மாட்டணும்னா நாமதான் நடந்து போகணும்."

"நடந்துதான் போனேன்."

அவள் முகம் மாறவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் கணக்கு வேலை முடிந்ததும் தானாகவே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அதிலிருந்து தினமும் உட்கார்ந்தாள். அந்தக் கேசட் முடிந்ததும், "அடுத்தது எப்ப ஆரம்பம்?" என்று மட்டும் கேட்டாள். சம்பளம் ஏற்றித் தருகிறேன் என்றபோதுகூட அவள் ஒன்றும் கேட்டதில்லை. அவளுக்கு வேண்டியது அந்த நாற்காலி என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்களைப் படிக்க நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.

மூன்றாவது கேசட்டில், ஊர்ப் பொதுக் குளியல்கூடத்துப் புகைபோக்கி துடைக்கிறவன் ஒருவன் ஊர்க் கூரைகள் மேல் ஓடுவான். முதல் திரையில் அந்தப் பழைய நத்தைதான், பிறகு காகங்கள் கொத்த வரும், ஓடுகள் பறக்கும். கட்டங்களை அமைத்தவன் தகிகாவா. கெட்டிக்காரன், வாய் ஜாஸ்தி. நாலாம் கட்டத்தில் கினுயோ ஒரே காகத்திடம் திரும்பத் திரும்பக் கொத்து வாங்கினாள்.

"அந்தக் காகம் உங்களுக்குச் சொந்தமா அக்கா?"

"தூரத்துச் சொந்தம். பாத்துட்டு நிக்காமப் போக முடியல."

எல்லோரும் சிரித்தார்கள். தகிகாவா சிரிக்கவில்லை. மதியம் என் மேஜைக்கு வந்தான்.

"மொதலாளி, அக்கா வேணும்னே விழறாங்க."

"என்னடா உளர்ற?"

"தெரியாதவங்க ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி விழுவாங்க. அக்கா ஒரே ஓட்டு மேல நின்னு விழறாங்க. அப்புறம், கை வராதவங்க காகம் கொத்தினதுக்கு அப்புறமாவது பட்டனைப் போட்டு அமுக்குவாங்க. லேட்டா அமுக்குவாங்க, ஆனா அமுக்குவாங்க. அக்கா பட்டன்ல சத்தமே வரல."

எனக்கு உடனே புரிந்தது. இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லிப் பிழைத்தவன் நான். அவள் போலியாக விழுந்த இடத்தையெல்லாம் நம்பி உருண்டை வைத்திருந்தோம். கேசட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது. முதல் கேசட் போல இதுவும் திரும்பி வந்தால் கீழே இருக்கும் திருகாணிக்காரர் மாடியையும் எடுத்துக்கொள்வார்.

விளையாடும் அறைக்குப் போனேன். நாலாம் கட்டத்திலிருந்த உருண்டைகளையெல்லாம் தகிகாவா எடுத்துவிட்டிருந்தான்.

"கினுயோ, ஒரு தடவை விழாம ஆடு" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கன்ட்ரோலரை மடியில் வைத்துத் திரையின் பக்கம் திரும்பினாள். கீழே பட்டறையில் தேநீர் நேரம், இயந்திரங்கள் நின்றன. தரை அதிர்வது நின்றது. பட்டன் சத்தம் மட்டும் கேட்டது. ஒழுங்காக, மிஷினில் துணி தைப்பதுபோல. காகங்கள் வந்தன, போயின. ஓடுகள் பறந்தன. புகைபோக்கி துடைக்கிறவன் ஒரு கூரையிலும் தயங்கவில்லை. ராட்சசனும் செத்தான். லைஃப் ஆரம்பத்தில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இருந்தது. யாரும் கைதட்டவில்லை. ஒருவன் தட்ட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

அவள் கன்ட்ரோலரின் வயரைச் சுருட்டி டிவியின் மேல் வைத்தாள்.

"எப்பலேருந்துக்கா?" என்று கேட்டான் தகிகாவா.

"போன கேசட்ல பாதியிலேருந்து."

"அப்ப அதுல வச்ச உருண்டையெல்லாம்?"

"அது சரியாத்தான் இருக்கும். கை வராதப்ப எங்க விழுந்தேன்னு ஞாபகம் இருந்துச்சு. அங்கயே விழுந்தேன். இதுல அப்படி ஞாபகம் ஒண்ணும் இல்ல. சும்மா தோணின எடத்துல நின்னேன்."

"சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா நூடுல்ஸ் கடைக்காரர் மாதிரி அனுப்பிடுவீங்க."

"கணக்கு மேஜை இருக்கே" என்றேன் நான். "உன்னை யார் வீட்டுக்கு அனுப்பறது?"

"கணக்கு மேஜையில நான் தப்புப் பண்றதில்ல மொதலாளி" என்றாள். பிறகு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலிலேயே சொன்னாள்: "வீட்ல நான் எதைக் கீழ போட்டாலும் கேக்க ஆளில்ல. இங்க ஒரு காக்கா கொத்தினா நாலு பேரு திட்டறீங்க."

அவள் எழுந்து, காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சட்டம் நான் போட்டது. மாற்ற முடியாது, மாற்றினால் கேசட் கெட்டுப்போகும். ஆனால் கை வராத ஆளுக்கு அவசரத்தில் எங்கே போவது? அதுவரை நான் கன்ட்ரோலரைத் தொட்டதில்லை. இயந்திரத்தின் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தவன் வெளியே இருக்கும் இரண்டு பட்டனைப் பார்த்தா பயப்படப் போகிறான் என்று உட்கார்ந்தேன். நத்தையிடம் விழுந்தேன். மறுபடியும் அதே நத்தை. தகிகாவாவின் முகம் மலர்ந்தது.

"மொதலாளி, இந்த மாதிரி ஆளை நாங்க பாத்ததே இல்ல. கினுயோ அக்கா உங்க கால் தூசிக்கு வரமாட்டாங்க."

வாழ்க்கையில் பல விஷயங்களுக்குப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். இதற்கும் வாங்கினேன். நான் விழுந்த இடங்களுக்கு முன்னால் உருண்டைகளை மாற்றி வைத்தார்கள். அந்தக் கேசட் விற்றதுபோல அந்தப் பேட்டையிலிருந்து வேறெதுவும் விற்கவில்லை. ஒசாகாப் பிள்ளைகள் தின்ற சோற்று உருண்டை எல்லாம் நான் அடிபட்டு வைத்தவை.

கினுயோ கணக்கு மேஜைக்குத் திரும்பிவிட்டாள். விளையாடும் அறைக்கு அவளாக வரவில்லை. ஒருநாள் நான் நாற்காலியில் இருந்தபோது தேநீர் கொண்டுவந்து பின்னால் நின்றாள்.

"மொதலாளி, காக்கா."

"தெரியும்."

"தெரிஞ்சா குதிங்க."

குதித்தேன், வேறு பக்கம். பையன்கள் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். தகிகாவா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா, மொதலாளியை நீங்களும் நாலு திட்டு திட்டுங்க" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அவள் அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"திட்டறதுக்கு நீங்க இருக்கீங்களே" என்றாள். உட்காரவில்லை.

தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து என் பக்கம் நீட்டினாள். நான் கையை நீட்டினேன், இன்னும் எட்டவில்லை. கோப்பை கீழே விழுந்து உடைந்தது. தேநீர் வயர்கள் பக்கம் ஓடியது.

கைகளை நான் அறிவேன். ஆயுசு முழுக்க இயந்திரங்களையும் அவற்றைத் தொடும் கைகளையும்தான் பார்த்திருக்கிறேன். அவள் விரல்கள் முதலில் பிரிந்தன. அதற்குப் பிறகுதான் கோப்பை போனது.

தகிகாவா வயர்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பாத்துக்கா, ஐயோ, துணி எங்க?" என்று குதித்தான். மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சொன்னேன்.

"கண்ணை எங்க வச்சிருக்க கினுயோ? என்ன வெல தெரியுமா அந்தக் கோப்பை?"

ரயிலடியில் கூடையில் குவித்து விற்கிற கோப்பை அது. வாங்கி வந்ததே அவள்தான்.

"மன்னிச்சிருங்க மொதலாளி" என்று சொல்லிக் குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கினாள். முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. துடைப்பம் எடுக்கப் போனாள்.

கம்பெனியை விற்கும்வரை அவள் அங்கே இருந்தாள். கணக்கில் ஒரு தப்பு வந்ததில்லை. கோப்பை மட்டும் அவ்வப்போது உடையும், நாங்கள் திட்டுவோம். ரயிலடிக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன், பெட்டியோடு அனுப்புவார். அந்த விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.