காக்கைக்குச் சோறு போட்ட தீர்க்கதரிசி

என் கணவர் ஊழியக்காரர். உத்திரமேரூர் சாலையிலிருந்து ஏரிக்கரைப் பக்கம் திரும்பினால் எங்கள் காலனி. அதன் கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்ன ஜெபவீடு. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு எங்கள் வீடு. அவருக்குச் சம்பளம் கொடுக்கப் பின்னால் எந்தச் சபையும் கிடையாது. விசுவாச ஊழியம் என்று அதற்குப் பெயர். அதாவது, வீட்டில் என்ன குறை இருந்தாலும் மனிதரிடம் வாய் திறந்து கேட்கக் கூடாது, கடவுளிடம் மட்டும்தான் கேட்க வேண்டும். கடவுளிடம் கேட்பது அவர் வேலை. அடுப்புக்குப் பதில் சொல்வது என் வேலை.

நல்ல வருஷங்களில் இது எப்படியோ ஓடியது. நான் நடவுக்கும் களையெடுக்கவும் போவேன். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் அரிசியும் முட்டையும் விழும். மழை பொய்த்த வருஷம் எல்லாம் நின்றது. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. செய்யாற்றில் மணல் மட்டும் இருந்தது, அதையும் லாரிகள் விட்டுவைக்கவில்லை. நூறு நாள் வேலையில் நாங்கள் தண்ணீரே இல்லாத ஏரியை ஆழப்படுத்தினோம். காணிக்கைப் பையில் ஒரு வாரம் முருங்கைக்கீரை மட்டும் இருந்தது. என் கணவர் அதற்கும் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார்.

மரத்தை வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். அந்த வருஷம் மரங்களே பட்டுப்போயின. அப்போதுதான் இவர் எலியா தீர்க்கதரிசியைப் பிடித்துக்கொண்டார். தேசத்தில் மழை நின்றுபோனபோது கடவுள் எலியாவை ஓர் ஓடைக்கரையில் ஒளிந்திருக்கச் சொன்னார், காலையும் மாலையும் காகங்கள் அவருக்கு அப்பமும் கறியும் கொண்டுவந்து கொடுத்தன என்று வேதத்தில் இருக்கிறது. அதை வாராவாரம் பிரசங்கம் பண்ணினார். எங்கள் ஊர்க் காக்கை கறியைக் கொண்டுவந்து கொடுக்கிற ரகமா? கண் அசந்தால் கோழிக்குஞ்சையே தூக்கிக்கொண்டு போகிற ரகம். நான் பின்வரிசையில் உட்கார்ந்து இருமுவேன்.

பிரசங்கத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எலியாவுக்கு ஊழியம் செய்தவர்களின் வம்சம் என்று காக்கைகளுக்குத் தினமும் ஒரு பிடி சோறு வைக்க ஆரம்பித்தார். "ஊழியக்காரரே, வாங்க!" என்று கூப்பிடுவார். முதலில் ஒன்றிரண்டு வந்தன. வறட்சியில் வேறெங்கும் இரை இல்லாததால் கொஞ்ச நாளில் ஊர்க் காக்கை மொத்தமும் எங்கள் கூரைக்குக் குடிவந்துவிட்டது. தீர்க்கதரிசிக்குக் காக்கை சோறு போட்டதுதான் கதை. எங்கள் வீட்டில் தீர்க்கதரிசி காக்கைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். காக்கைகளும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் ஒன்று யார் வீட்டுக் கிணற்றடியிலிருந்தோ தூக்கிவந்த சோப்புத் துண்டை எங்கள் வாசலில் போட்டது. "கர்த்தரு அனுப்ப ஆரம்பிச்சிட்டாரு பாத்தியா!" என்றார் இவர், வானத்தைப் பார்த்து. அந்தச் சோப்பில்தான் அன்று என் சேலையைத் துவைத்தேன், அதை மறைக்கவில்லை.

ரேஷன் அரிசி வந்துகொண்டிருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஜெபிக்க வருகிறவர் முகம் வாடியிருந்தால் போதும், இவர் பானையைத் திறந்துவிடுவார். மாதம் பாதி தாண்டுவதற்குள் அரிசி டப்பாவின் அடி தெரியும்.

வாலாஜாபாத்தில் என் அண்ணன் ஒரு ரைஸ் மில்லில் வேலை செய்கிறார். எங்கள் நிலைமை தெரிந்து அங்கேயே இவருக்கு வாட்ச்மேன் வேலை பேசிவைத்தார். தங்க ஓர் அறையும் உண்டு. ஆடி அமாவாசைக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதைச் சொன்னதும் இவர் எழுந்து காக்கைக்குச் சோறு வைக்கப் போய்விட்டார். போனால் ஜெபவீட்டைப் பூட்ட வேண்டும். பூட்டினால் இந்த மனிதர் உள்ளுக்குள் செத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். காக்கி உடுப்பில் கேட்டருகே நின்று லாரிக்கெல்லாம் சல்யூட் அடிப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் காலி வயிற்றை எத்தனை நாளைக்குத்தான் பிசைவது?

ஆடி அமாவாசையும் வந்தது. காலையில் பானையில் கடைசியாக ஒரே ஒரு பிடி பழைய சோறு இருந்தது. நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் இவர் அதைக் கொண்டுபோய்க் காக்கைக்கு வைத்துவிட்டார்.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். உங்களுக்கு மிஞ்சி இன்னாங்க கீது?" என்று கத்தினேன். "மத்தியானம் பஸ்ஸுக்கு நான் கெளம்பறேன். வந்தா வாங்க, இல்லனா உங்க காக்காங்களோட குடும்பம் நடத்துங்க."

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார். பதில் தெரியாதபோதெல்லாம் அவர் பேச்சு வேதத் தமிழுக்கு மாறிவிடும்.

நான் பையில் துணிகளை அடுக்கி வாசலில் வைத்தேன். அவர் துணிகளையும் சேர்த்துத்தான் அடுக்கினேன்.

உச்சி வேளை ஆனது. ஆடி அமாவாசையன்று ஊர்த்தெருவில் வீட்டுக்கு வீடு செத்துப்போனவர்களுக்குப் படைப்பார்கள். காக்கை வந்து ஒரு வாய் எடுத்தால்தான் வீட்டில் உள்ளவர்கள் இலை போட முடியும். அன்று மொட்டைமாடிக்கு மொட்டைமாடி மனிதர்கள் நின்றுகொண்டு "கா... கா..." என்று கத்தினார்கள். காக்கைகள் எங்கள் கூரைமேல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் பெரிய வீட்டம்மா ஒரு கையில் குடையும் மறு கையில் கூடையுமாக வந்தார். அவர்கள் நிலத்தில்தான் நான் வருஷாவருஷம் நடவு செய்கிறேன். வேலைக்குக் கூப்பிடுவதென்றாலும் எங்கள் காலனி முனையில் நின்றுதான் கூப்பிடுவார். அன்றும் முனையில் ஒரு கணம் நின்றார். கூரையைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார்.

"பாஸ்டரு கீறாரா?"

"கீறாரும்மா. இன்னா இந்த வெயில்ல?"

"காலயிலர்ந்து கத்திக் கத்தித் தொண்ட கட்டிக்கிச்சி. ஒரு காக்கா வரல. எல்லாம் உங்க வூட்டு மேல குந்திகினு கீது! எங்க வூட்டுக்காரரு சுகர் மாத்திரய போட்டுகினு வெறும் வவுத்தோட மயங்கிக் கெடக்கறாரு. காக்கா எடுக்காம எப்டி சோத்துல கைய வெக்கறது?"

கூடையிலிருந்து வாழையிலையை எடுத்து எங்கள் குட்டைச் சுவரில் விரித்தார். சோறு, பருப்பு, வடை, பாயசம். அந்த வாசனைக்கு நான் என்னை அறியாமல் ஓரடி முன்னால் வந்துவிட்டேன். காக்கைகளோ தலையைச் சாய்த்துப் பார்த்தனவே தவிர இறங்கவில்லை. அவற்றுக்கு ஒரே ஒரு குரல்தான் பழக்கம்.

"உங்க வூட்டுக்காரரு கூப்ட்டாதான் வரும் போல கீது. ஒரு வார்த்த கூப்டச் சொல்லும்மா."

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இவர் வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது. "அம்மா, இது மரித்தவர்களுக்குப் படைத்தது. இதற்கு நான் அழைக்கலாகாது" என்றார்.

"நீ யாருக்குனா கூப்டுக்கோ பாஸ்டரு. எனக்குக் காக்கா வந்தா போதும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன். பிறகு அவர் வானத்தைப் பார்த்து, "பசித்திருக்கிற பறவைகளைத்தான் அழைக்கிறேன், வேறொன்றுக்குமில்லை" என்று விளக்கம் கொடுத்துவிட்டு, வழக்கமான குரலில் "ஊழியக்காரரே, வாங்க!" என்றார்.

கூரையே இறங்கி வந்தது போல் வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் பெரிய காக்கை ஒன்று மற்றவற்றைத் தள்ளிக்கொண்டு வந்து வடையைக் கவ்வியது.

"ஐயோ, எங்க மாமனாரு!" என்று பெரிய வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "உசுரோட இருந்தப்பவும் வடைலதான் மொதல்ல கைய வெப்பாரு."

அந்தக் காக்கைக்குத் தலைமை ஊழியக்காரர் என்று இவர் ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

பெரிய வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையிலிருந்து ஒரு பெரிய சாப்பாட்டுத் தூக்கையும் இரண்டு இலையையும் எடுத்து என் கையில் கொடுத்தார். "காக்காக்கு ஆச்சி. இது உங்களுக்கு. சாப்டுங்க." திரும்பும்போது வாசலில் இருந்த பை கண்ணில் பட்டது. "ஊருக்கா கெளம்பிக்கினு கீறீங்க? ரெண்டு பேருமா? அப்ப காக்கா? வர வாரம் எதிர் வூட்ல திதி வருது. அப்புறம் எங்க கொழுந்தனாருக்கு வருது. இவரு இல்லாம யாரு கூப்டறது?"

நான் ஊர்த்தெருவை வீடு வீடாக மனதில் நினைத்துப் பார்த்தேன். மழைக்குத்தான் பஞ்சம், அங்கே செத்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

அவர் போனதும் வாழையிலையில் பரிமாறினேன். இவர் உட்கார்ந்தார், கை வைக்கவில்லை. "படைத்ததைப் புசிக்கலாகாது" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எலியா காலத்துல ஊரு பூரா செலைய கும்ட்டுகினு இருந்தாங்கன்னு நீங்கதான பிரசங்கம் பண்ணீங்க? அப்ப அந்தக் காக்கா கறிய எந்த வூட்லர்ந்து தூக்கினு வந்துச்சாம்? படையல்லர்ந்துதான? எலியா கேட்டாரா? கேக்கல இல்ல? பேசாம துன்னாரு."

வாராவாரம் பிரசங்கம் பண்ணியும் இது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. பிறகு கண்ணை மூடினார். வழக்கமாகச் சோறு ஆறிப்போகும் அளவுக்கு ஜெபம் நீளும். அன்று ஆமென் மட்டும் கேட்டது. பசியில் பிசைந்து பிசைந்து அவர் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்தார். வேதத் தமிழெல்லாம் போய்விட்டிருந்தது. "வாலாஜாபாத் பஸ்ஸு எப்ப வரும்மே?"

"அது அப்பவே பூடுச்சி" என்றேன்.

அப்போதுதான் சாலைத் திருப்பத்தில் பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்டது. அவர் தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தார்.