அத்தானின் வலது கால்

என் அக்கா கணவர், அதாவது எங்கள் அத்தான், இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். தேவன் எல்லாவற்றையும் முன்பே குறித்துவிட்டார் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. பல் வலித்தாலும் முன்குறித்தது, பால் பொங்கி வழிந்தாலும் முன்குறித்தது. அடுப்பை அணைக்க மறந்தது தான்தான் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்.

நான் எதிர்க்கட்சி. மனுஷனுக்கென்று ஒரு மனசைக் கொடுத்த தேவன், அதைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொள்வாரா என்று கேட்பேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால் எங்களுக்குள் இதே வழக்குதான். உடனே அவர் காரை உதாரணத்துக்கு இழுப்பார். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு.

"ஸ்டியரிங் அவங்க கையில. தானே ஓட்டுறதா நெனச்சுக்குவாங்க. ஆனா பிரேக் என் காலடியில. தேவனும் அப்படித்தாம்மா."

"அப்ப இடிச்சா பழி யாருக்கு அத்தான்?"

"சாப்பாடு ஆறுது, சாப்பிடு," என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அக்கா இந்தச் சண்டையில் சேரமாட்டாள். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். நாளெல்லாம் நின்று வீங்கிய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சிரிப்பாள். ஐம்பதாவது வயதில் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. பிள்ளை பெற்று வீடு திரும்பிய தாய்மார்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை ஒன்று காலியானது. வார்டில் ஒருத்தியோடு இரண்டு நிமிஷம் நின்று பேச முடியாமலே இத்தனை வருஷம் ஓடியவள் அவள். வேலை உனக்குத்தான் என்று தலைமை நர்ஸே சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை, ஆறு மாதத்துக்குள் டிரைவிங் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

ஊருக்கே சொல்லிக்கொடுப்பவர் வீட்டிலேயே இருக்கும்போது என்ன கவலை என்றுதான் நினைத்தோம். அக்கா மூன்று முறை பெயிலானாள். மூன்று முறையும் ஒரே குற்றம். நிறுத்தக் கோட்டில் வண்டி நிற்காமல் உருண்டது, தேர்வு அதிகாரி தன் பக்கத்து பிரேக்கை மிதிக்க வேண்டியதாயிற்று.

"தேவசித்தம் இல்ல போல," என்றார் அத்தான். அக்கா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது. எனக்கு அத்தான் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

கெடு முடிய ஒரு வாரம்தான், மிச்சம் ஒரே ஒரு தேர்வு. அதற்கு இரண்டு நாள் முன்பு நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். முதல் திருப்பத்திலேயே கண்ணில் பட்டது. அக்கா பிரேக்கைத் தொடும் முன்பே அத்தானின் வலது கால் மெல்ல அமுங்கியது. சிக்னலில் அமுங்கியது, பள்ளிக்கூட வாசலில் அமுங்கியது. வண்டி பதவிசாக நின்றது. தானே நிறுத்தினதாக அக்கா நினைத்துக்கொண்டாள்.

"அத்தான், கால எடுங்க."

"எந்தக் கால?"

குனிந்து பார்த்தார். சத்தியமாக அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அவர் முகம் போன போக்கில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. அக்கா வண்டியை ஓரங்கட்டினாள்.

"எல்லாருக்கும் இப்படித்தான் செய்வீங்களா?"

"இல்ல. மத்தவங்கன்னா ஆபத்துக்கு மட்டும்தான். நீன்னா... உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

"எல்லாம் முன்னாடியே குறிச்சாச்சுன்னா எதுக்கு பயம்?" என்றேன் நான்.

"செருப்பக் கழட்டுங்க," என்றாள் அக்கா. "கால மேல தூக்கிச் சம்மணம் போட்டு உக்காருங்க."

ஆறடி மனுஷர் முன் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், மேலே சீட் பெல்ட் வேறு. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதல் கோட்டைத் தாண்டி வண்டி உருண்டது. அத்தான் தன் கால் கட்டைவிரல்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்த கோட்டில் அக்கா போட்ட பிரேக்கில் என் நெற்றி முன் சீட்டில் இடித்தது. அவர் கண்ணை மூடி உரக்க ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்.

"கண்ணத் திறங்க. நிறுத்திட்டேன்."

இரண்டு நாளும் இப்படியே ஓட்டினாள். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தப் பழகிவிட்டாள்.

தேர்வன்று நாங்கள் வாசலில் காத்திருந்தோம். அக்கா காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். பாஸ்!

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, ஆண்டவர் எப்பவோ குறிச்சு வெச்சிருக்கார்!"

"சரி, அவர் குறிச்சதாவே இருக்கட்டும்," என்றாள் அக்கா. "அப்ப மூணு தடவ பெயிலானது?"

அத்தான் வானத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"அது நான்தான்," என்றார். "அத அவர் தலையில கட்ட முடியாது. மன்னிச்சுக்கோ."

வருஷக்கணக்காக நடந்த வழக்கில் அன்று ஜெயித்தது நான்தான். ஆனால் கொக்கரிக்க மனசு வரவில்லை, கண்தான் கலங்கியது. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாவியை வாங்கினாள். என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அத்தான் தானாகவே பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். வீடு போய்ச் சேரும்வரை "பாத்துப் போ" என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை.