வெட்டாத பாங்கு

கல்யாண வீடியோக்காரனுக்குப் பாங்கு என்றால் இடைவேளை. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கினால் பேச்சு நிற்கும், ஸ்பீக்கர் நிற்கும், நாங்களும் கமெராவை நிறுத்துவோம். தப்பித் தவறிப் பதிவானதை எடிட்டிங்கில் வெட்டிவிடுவோம். கல்முனையில் ஸ்டூடியோ திறந்த நாளிலிருந்து என் கை இதற்குப் பழகியிருந்தது.

மருதமுனையில் சாரன், லுங்கி வியாபாரம் செய்யும் லத்தீப் என் பழைய வாடிக்கையாளர், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுபவர். அவருடைய மகள் ஹப்ஸா கொழும்பில் செல்லோ படித்தவள். வயலின் சாதிதான், ஆனால் ஆளை மறைக்கும் பருமன். கதிரையில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் வாசிக்க வேண்டும். வெளிநாட்டு இசைக் கல்லூரி ஒன்று அவளிடம் வீடியோ கேட்டிருந்தது. முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஷொட், ஒரு வெட்டும் கூடாது. பிள்ளை காய்ச்சலில் கிடந்து எழும்பியபோது கடைசி நாளாகிவிட்டது. அன்றைக்கே அனுப்பாவிட்டால் இடம் போய்விடும்.

லத்தீப்பின் களஞ்சியத்தில் கமெராவை வைத்தேன். அக்கம்பக்கமெல்லாம் பவர்லூம், காலையிலிருந்து தடதடவென்று ஒரே இரைச்சல்.

"பொழுதுபட மஃரிபுக்குக் கிட்டத்தான் தறிய நிப்பாட்டுவாங்க, தொழுதிட்டு வந்து விடியவிடிய ஓட்டுவாங்க. பாங்குக்கு முந்தி முடிச்சிரலாம்" என்றார் லத்தீப்.

தறிகள் ஓய்ந்தன. ஹப்ஸா வில்லை வைத்தாள். முதல் இழுப்பிலேயே என் காலடியில் சீமெந்துத் தரை அதிர்ந்தது. ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் நின்றே காது மந்தமானவன் நான். மைக்கும் அம்ப்ளிஃபயரும் இல்லாமல் ஒரு பிள்ளையின் கையிலிருந்து இப்படியொரு நாதம் வரும் என்று நினைத்ததேயில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. பெரிய பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது.

அவள் வில்லை எடுத்து மடியில் வைத்தாள். லத்தீப் தலையில் கைவைத்தார். என் கை தன்பாட்டில் கமெராவுக்குப் போனது. ஹப்ஸா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

ஒரு பள்ளியில் முடிய அடுத்த பள்ளி, அது முடியக் கடற்கரைப் பள்ளி. அவள் கண்ணை மூடி, பாங்குக்கு உதட்டால் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிப் பாங்கும் அடங்கியது. வில்லை எடுத்தாள். விட்ட அதே இடத்தில், அதே கனத்தில் வைத்து, மிச்சத்தை வாசித்து முடித்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"மகள், பாங்க வெட்டி ரெண்டு பக்கத்தையும் ஒட்டித் தாறன். ஒருத்தருக்கும் விளங்காது" என்றேன்.

"ஏலா மாமா. வெட்டக்கூடாதெண்டுதானே கேட்டிருக்காங்க."

"நடுவுல இவ்வளவு நேரம் சும்மா இருந்தா அவங்க என்ன நினைப்பாங்க மகள்?" என்றார் லத்தீப்.

"நான் சும்மா இருக்கல்ல வாப்பா. பாங்கு சொன்னா எங்கட ஊருல இப்பிடித்தான். அப்பிடியே அனுப்புவம்."

லத்தீப் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "அனுப்புங்க காக்கா. மத்தது அல்லாஹ்ட நாட்டம்."

இடம் கிடைத்தது. நேர்முகத்தில் அவர்கள் அதிகம் கேட்டது அந்த நிறுத்தத்தைப் பற்றித்தானாம். இன்று அவள் அந்த நாட்டில் பெரிய இசைக்குழுவொன்றில் முன்வரிசையில் இருக்கிறாள். போனில் பார்க்கும்போதெல்லாம், இவளையா நான் படம்பிடித்தேன் என்று மலைக்கிறேன்.

போன கிழமை சாய்ந்தமருதில் ஒரு கல்யாண வீடியோவைக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் வாப்பா போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன காக்கா, எல்லாரும் பேசாம நிக்கிறாங்க. பாங்க வெட்ட மறந்திட்டீங்களா?"

"மறக்கல்ல. ஓரத்தில உங்கட மகன்ட முகத்தப் பாருங்க."

சபை முழுக்கத் தலை குனிந்து நிற்க, மாப்பிள்ளை மட்டும் தன் வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு, "அந்த இடத்த இன்னொருக்காப் போடுங்க" என்றார்.