‘நாம’ போய் ‘நாங்க’ வந்தபோது

என் சித்தியைக் கடைத்தெருவில் பெட்டிக்காரம்மா என்பார்கள். அவள் விற்றது சர்வர் பெட்டிகள். மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனைக் கூடம், அச்சகம் என்று அங்கே பலருடைய தகவல்களும் அவள் பொருத்திய பெட்டிகளுக்குள்தான் இருந்தன. எது மக்கர் செய்தாலும் திருப்புளியோடு போய் நிற்பாள்.

பிறகு பெட்டி வியாபாரம் படுத்துவிட்டது. எல்லோரும் கிளவுட் கேட்டார்கள். தகவலை எங்கோ இருக்கும் பெரிய கணினிகளில் வைத்துவிட்டு மாதா மாதம் வாடகை கட்டுவது. சித்திக்குப் பெட்டி அனுப்பிவந்த நிறுவனமே அதையும் விற்கத் தொடங்கியது. அதன் விற்பனை அதிகாரி ஒப்பந்தத்தோடு கடைக்கு வந்தார். கையெழுத்துப் போடாவிட்டால் முகவர் உரிமை போய்விடும்.

“நம்ம கஸ்டமர் எல்லாரையும் நாமளே கிளவுடுக்கு மாத்திடலாம் மேடம். நாம சேர்ந்து வளரலாம்.”

சித்தப்பா பேனாவைத் திறந்துவிட்டார்.

“மாத்தின பிறகு ஏதாவது கோளாறுன்னா யாரைக் கூப்பிடுவாங்க?” என்றாள் சித்தி.

“அதுக்கென்ன, நாங்க பாத்துக்குவோம்.”

“இவ்வளவு நேரம் நாம, நாமன்னீங்க சார். மாத்துற வரைக்கும் நாம, மாத்திட்டா நாங்களா? அந்த நாங்கள்ல நான் எங்க இருக்கேன்?”

“பேச்சுவாக்குல வந்துடுச்சு மேடம்.”

“அதனாலதான் நம்புறேன். யோசிச்சிருந்தா வந்திருக்காது.”

அதிகாரியின் சிரிப்பு நின்றது. “தனியா நின்னா காணாமப் போயிடுவீங்க.”

“போனாப் போறேன். என் ஆளுங்களை நானே கூட்டிட்டு வந்து உங்க வாசல்ல விட்டுட்டுப் போக மாட்டேன்.” சித்தப்பாவிடம் திரும்பினாள். “பேனாவை மூடுங்க, மை காஞ்சிடப் போகுது.”

மறுநாளிலிருந்து ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ஒரே கேள்வியோடு போனாள்: “எது நின்னா உங்க வேலையே நின்னுடும்?” பரிசோதனைக் கூடத்தில் இணையம் அறுந்தாலும் முடிவுகள் கைக்கு வர வேண்டும். அதனால் பெட்டி அங்கேயே இருந்தது, நகல் மட்டும் கிளவுடுக்குப் போனது. அச்சகத்தின் பழைய வடிவமைப்புகள் மொத்தமும் கிளவுடுக்கு ஏறின. கிளவுட் கணக்கு அவரவர் பெயரில், கடவுச்சொல் அவரவர் கையில். பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மட்டும் இவளுக்குக் கூலி.

“எல்லாத்தையும் அவங்க கையிலயே குடுத்துட்டா, நாளைக்கு நம்மளக் கழட்டி விட்டுடுவாங்கடி,” என்றார் சித்தப்பா.

“விடட்டும். பூட்டி வெச்சுப் பிழைக்கணும்னா அந்த ஆள்கிட்டயே கையெழுத்துப் போட்டிருப்பேனே.”

மருந்துக்கடைக்காரர் உண்மையாகவே கழற்றிவிட்டார். அதிகாரி கொடுத்த தள்ளுபடி பெரியது. ஆனாலும் சித்தி அவருடைய தகவல்களை ஒன்று விடாமல் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். பரிசோதனைக் கூடமும் அச்சகமும் அவளோடு நின்றன. கடையைத் திறந்து வைக்க அது போதும். அதற்கு மேல் மிஞ்சவில்லை.

முகவர் பலகையைக் கழற்ற நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஏணியைச் சித்தியே பிடித்துக்கொண்டாள்.

“பாத்து நெம்புங்கப்பா,” என்றாள். “பலகைதான் உங்களுது. சுவரு என்னுது.”